டூரெட் பற்றிய தவறான எண்ணங்களைத் திருத்துவது எப்படி

விருப்பமின்றி அசைவுகளும் ஒலிகளும் திரும்பத் திரும்ப வரும் டூரெட் நோய்த்தொகுப்பு உள்ள குழந்தையின் பெற்றோராகவோ ஆசிரியராகவோ உறவினராகவோ இருந்தாலும், அந்நிலையோடு வாழ்பவராகவே இருந்தாலும், ஒரே விதமான பேச்சை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். "கெட்ட வார்த்தை பேசும் நோய்தானே அது?", "வேண்டுமென்றே செய்கிறான்", "வளர்ப்பு சரியில்லை", "இது மனநோய்தானே?" என்பவை அவற்றில் அடிக்கடி காதில் விழுபவை. முதல் மூன்றுக்கும் பதில் சொல்வது எளிது. உண்மையைத் தெரிந்துகொண்டு பொறுமையாகச் சொன்னால் போதும். நான்காவது கேள்வி வரும்போதுதான் பெரும்பாலானவர்கள் பதறிப்போய், "ஐயோ, மனநோயெல்லாம் இல்லை, இது நரம்பு சம்பந்தப்பட்டது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். அந்தப் பதில் ஒரு குழந்தையின் மீது விழுந்த பழியைத் துடைத்து, மனநோயோடு வாழும் வேறொருவர் மீது பூசிவிடுகிறது. அப்படிச் செய்யாமல் இந்தப் பேச்சுகளை எதிர்கொள்வதற்கான வழிகளைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

முதலில் நீங்கள் தெளிவாகுங்கள்

டிக் என்பது திடீரென்று, சட்டென்று, ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஒலி. கண் சிமிட்டல், மூக்கைச் சுளித்தல், தோளைக் குலுக்கல், கழுத்தை வெட்டுதல் போன்றவை அசைவு டிக்குகள். தொண்டையைக் கனைத்தல், மூக்கை உறிஞ்சுதல், முனகல், சில சொற்களைத் திருப்பிச் சொல்லுதல் போன்றவை ஒலி டிக்குகள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூலின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட அசைவு டிக்குகளும் குறைந்தது ஒரு ஒலி டிக்கும் இருந்து, அவை 18 வயதுக்கு முன் தொடங்கி, முதல் டிக் தோன்றி ஓராண்டுக்கு மேல் ஆகியும் நீடித்து, ஏதேனும் மருந்தினாலோ வேறு நோயினாலோ அவை வரவில்லை என்று உறுதியானால், அதை டூரெட் என்று சொல்லலாம். அசைவும் ஒலியும் ஒரே காலத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இதை உறுதிசெய்வதில்லை; மருத்துவர் கேட்டும் பார்த்தும்தான் முடிவு செய்கிறார்.

பொதுவாக 4 முதல் 6 வயதுக்குள் கண் சிமிட்டலில் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்ம வயதின் பிற்பகுதியில் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். இது பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. சில வாரங்கள் அதிகமாகவும் சில வாரங்கள் இல்லாததுபோலவும் இருப்பது இதன் இயல்பு. ஒரு டிக் மறைந்து, வேறொன்று அதன் இடத்துக்கு வருவதும் இயல்புதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கமே முதல் சந்தேகத்தைக் கொடுக்கிறது. "போன மாதம் இல்லாதது இப்போது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பவரிடம், அப்படி வந்து போவதுதான் இதன் அடையாளம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

காரணத்தைக் கேட்டால், மூளையின் ஆழத்தில் அசைவுகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியும் தடுத்தும் வைக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதிக்கும், மூளையின் மேற்புறத்துக்கும் இடையிலான சுற்றுகள் வேறுவிதமாக இயங்குவதும், அதில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கிருப்பதும் காரணம் என்று சொல்லலாம். குடும்ப வழியாக வரும் போக்கு வலுவானது. ஆனால் இதற்குப் பொறுப்பான ஒற்றை மரபணு என்று எதுவும் இல்லை. வளர்ப்பு இதை உண்டாக்குவதில்லை. மன அழுத்தமும் களைப்பும் உற்சாகமும் டிக்குகளைக் கூட்டும், உண்மைதான். ஆனால் ஒன்றைக் கூட்டுவது வேறு, அதை உண்டாக்குவது வேறு. இந்த வேறுபாட்டைப் பொறுமையாக விளக்கினால் வளர்ப்பைப் பற்றிய பழி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

கெட்ட வார்த்தை என்ற கதை

டூரெட் என்றதும் பொது இடத்தில் கத்தித் திட்டும் ஒருவரையே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். தன் விருப்பமின்றித் தகாத சொற்கள் வெளிப்படும் கோப்ரலாலியா என்ற டிக், டூரெட் உள்ளவர்களில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினருக்கே வருகிறது. நோயைக் கண்டறிவதற்கு அது தேவையும் இல்லை. இந்தப் பிம்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1825-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் இத்தார், டாம்பியேர் சீமாட்டி என்ற உயர்குடிப் பெண்மணி அவையில் தகாத சொற்களை உரக்கச் சொல்லிவிடுவதைப் பதிவு செய்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1885-இல், இந்நிலைக்குப் பெயர் வரக் காரணமான பிரெஞ்சு மருத்துவர் ஜில் த லா டூரெட் தம் கட்டுரையில் விவரித்த ஒன்பது பேரில் அந்தப் பெண்மணியும் ஒருவர். பரபரப்பான ஒன்றே முதலில் பதிவாகிறது, அதுவே நினைவிலும் நிற்கிறது. மூக்கை உறிஞ்சும் சிறுவனைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. "எங்கள் பிள்ளைக்கு அந்த மாதிரி இல்லை, நல்லவேளை" என்ற தொனியில் பதில் சொல்லாதீர்கள். பத்தில் ஒருவர் என்பதும் உண்மையான மனிதர்தான். அந்தச் சொல் அவருடைய எண்ணத்தையோ ஒழுக்கத்தையோ காட்டுவதில்லை. எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று மனம் எச்சரிக்கிறதோ அதுவே வெளிப்படுவதால், அவமானத்தில் முதலில் கூனிக் குறுகுபவர் பெரும்பாலும் சொன்னவரே. "அது குறைவானவர்களுக்கு வருகிறது; வருபவர்களும் வேண்டுமென்று சொல்வதில்லை" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"நினைத்தால் அடக்கலாமே" என்பவருக்கு

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதால் இதற்குப் பதில் சொல்லக் கூடுதல் பொறுமை வேண்டும். டிக்குகளைச் சிறிது நேரம் அடக்க முடியும். பல குழந்தைகள் வகுப்பில் அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் விட்டுவிடுகிறார்கள்; ஆசிரியர் "இங்கே ஒன்றும் இல்லையே" என்பார், தாய் "வீட்டில் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்பார், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். விளக்கும்போது தும்மலைக் காட்டுங்கள். தும்மல் வருவதற்கு முன் மூக்கில் ஏறும் உறுத்தலை எல்லோரும் அறிவோம். சிறிது நேரம் அடக்கலாம், ஆனால் அந்த நேரம் முழுவதும் வேறெதையும் கவனிக்க முடியாது. டிக்குக்கு முன்னும் தோளிலோ தொண்டையிலோ கண்ணைச் சுற்றியோ அத்தகைய உந்துதல் ஏற்படுவதாக, ஓரளவு வளர்ந்த குழந்தைகளும் பெரியவர்களும் சொல்கிறார்கள். டிக் வந்ததும் அது தணிகிறது, பிறகு மறுபடி சேர்கிறது. சிறு குழந்தைகளுக்கு இந்த உந்துதலை உணரவோ சொல்லவோ தெரிவதில்லை என்பதால், "ஏன் செய்கிறாய்?" என்று அவர்களிடம் கேட்பதில் பயனில்லை.

மறைக்கும் முயற்சியைக் கூர்ந்து பார்த்தால் அடக்குவதன் விலை புரியும். தோள் குலுங்கும் சிறுமி, ஒவ்வொரு முறையும் பையின் வாரைச் சரிசெய்வதுபோலக் கையைக் கொண்டுபோவாள். கழுத்து வெட்டும் பையன், நெற்றியில் விழாத முடியை ஒதுக்குவான். மூக்கை உறிஞ்சுபவன் கையில் எப்போதும் கைக்குட்டை இருக்கும், சளி இருக்காது. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும் நாற்பது நிமிடங்களில் இவர்களின் கவனத்தில் பெரும்பகுதி இந்த நடிப்புக்கே செலவாகிறது. "கொஞ்சம் முயற்சி செய்தால் அடக்கலாம்" என்பவரிடம், அவன் ஏற்கெனவே அந்த முயற்சியில்தான் இருக்கிறான் என்பதைச் சொல்லுங்கள். டிக்கைச் சுட்டிக்காட்டுவதும், அதைப் பற்றிப் பேசுவதுமே பல நேரங்களில் அதைக் கூட்டிவிடும். எனவே மிரட்டலும் தண்டனையும் பலன் தராததோடு, நோக்கத்துக்கு எதிரான விளைவையே தரும்.

வீட்டுக்கு வரும் பெரியவர்களிடம் இதைச் சொல்லும்போது விவாதமாக்காமல் இருப்பது நல்லது. "நாலு தட்டு தட்டினால் நின்றுவிடும்" என்கிற பெரியம்மாவிடம், "பெரியம்மா, நாங்களும் முதலில் அதட்டித்தான் பார்த்தோம், இன்னும் கூடத்தான் செய்தது. கவனிக்காததுபோல இருந்துவிடுங்கள், அதுதான் அவனுக்கு உதவி" என்று அவர் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். தவறு என்று நிரூபிப்பதைவிட, செய்ய வேண்டியதைக் கையில் கொடுப்பது பெரியவர்களிடம் எடுபடும்.

"அப்படியானால் இது மனநோயா?"

நேர்மையான பதில் சற்று நீளமானது. டூரெட் ஒரு நரம்பு வளர்ச்சி சார்ந்த நிலை. அமெரிக்க வகைப்பாட்டு நூல் ஆட்டிசத்தோடும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டோடும் சேர்த்து அதை அந்தப் பிரிவில் வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு அதை நரம்பு மண்டல நோய்களில் வைத்து, நரம்பு வளர்ச்சிக் கோளாறுகளிலும் குறுக்குக் குறிப்பாகச் சேர்த்திருக்கிறது. மனநல மருத்துவர்களின் நூலிலேயே இடம்பெற்ற ஒரு நிலையை, மனநலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதது என்று சொல்வது சரியாகாது. மூளை வேறு, மனம் வேறு என்று நடுவே சுவர் எழுப்பிக்கொள்வது நம் வசதிக்காகவே. மனச்சோர்வும் மனச்சிதைவும்கூட மூளையின் இயக்கத்தோடு தொடர்புள்ளவைதான்.

ஆனாலும் "மனநோய் இல்லை" என்று இவ்வளவு அழுத்தமாகச் சொல்லும் வழக்கம் ஏன் வந்தது என்பதற்கு வரலாற்றில் நியாயம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் டிக்குகளை அடக்கி வைத்த ஆசைகளின் வெளிப்பாடாகப் பார்த்தார்கள். 1921-இல் சாந்தோர் ஃபெரென்சி என்ற உளப்பகுப்பாய்வாளர் டிக்குகளைத் தன்காமத்தோடு தொடர்புபடுத்தி எழுதினார். 1961-இல் ஹாலோபெரிடால் மருந்து டிக்குகளைக் குறைப்பதாக முதல் அறிக்கை வந்த பிறகு, அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்தர் ஷபிரோவும் எலைன் ஷபிரோவும் 1968-இல் உளப்பகுப்பாய்வு விளக்கத்தைக் கடுமையாக மறுத்தார்கள். 1972-இல் அமெரிக்காவில் பெற்றோர்கள் சேர்ந்து சங்கம் அமைத்தபோது, "இது எங்கள் குடும்பத்தின் குற்றமில்லை, உடல் சார்ந்த நோய்" என்பது அவர்களுக்கு மூச்சு விடும் இடமாக இருந்தது. அந்த நியாயம் அன்றைக்குரியது. இன்று அதே சொற்களைச் சொல்லும்போது அவை வேறு ஒருவரைக் குத்துகின்றன.

பெரும்பாலும் குத்தப்படுபவர் வேறெங்கோ இருப்பவர் அல்லர், அதே குழந்தைதான். டூரெட் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல், வாழ்நாளில் வேறொரு நிலையும் உடன் இருக்கிறது. பாதிப்பேருக்கும் மேல் கவனக்குறைவு மிகைச்செயல்பாடு உண்டு; மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரையிலானோருக்கு எண்ணச் சுழற்சி நோயும் (வேண்டாத எண்ணங்களும் செயல்களும் விடாமல் திரும்பத் திரும்ப வருவது), பலருக்குப் பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்து வருகின்றன. டிக்குகளைவிட இவையே படிப்பையும் நட்பையும் அதிகம் பாதிக்கின்றன என்று பல குடும்பங்கள் சொல்லும். அந்தக் குழந்தையின் காதுபட "எங்கள் பிள்ளைக்கு மனநோய் இல்லை" என்று பெருமையாகச் சொல்லிவிட்டால், பின்னாளில் பதற்றமோ விபரீத எண்ணங்களோ வரும்போது அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? ஸ்வீடன் நாட்டின் பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வொன்று, டூரெட் மற்றும் நீடித்த டிக் கோளாறு உள்ளவர்களிடம் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்று காட்டியது. மனநோய் என்பது வெட்கப்பட வேண்டியது என்ற பாடத்தை வீட்டிலேயே கற்றுக்கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

ஆகவே கேள்வி வரும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இது மூளை வளர்ச்சி சார்ந்த நிலை, டிக்குகளாக வெளிப்படுகிறது. சிலருக்குப் பதற்றம் போன்ற மனநல நிலைகளும் சேர்ந்து வரும். இரண்டுக்குமே மருத்துவ உதவி உண்டு, இரண்டிலுமே வெட்கப்பட ஒன்றுமில்லை." சொல்லிப் பழகினால் இது சில நொடிகளில் முடிந்துவிடும்.

கேட்பவர் அதோடு விடாமல், "மனநோய் என்றால் ஆபத்தாயிற்றே" என்று தொடர்ந்தால், அந்த இடத்தையும் விட்டுவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் எட்டில் ஒருவர், அதாவது சுமார் 97 கோடிப் பேர், ஏதேனும் ஒரு மனநல நிலையோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும் பங்கு பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்கள். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை; கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களின் வன்முறைக்கு இலக்காகும் வாய்ப்புத்தான் அதிகம். மனச்சிதைவு என்பது ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதும் அல்ல. மனவுறுதி இல்லாதவர்களுக்குத்தான் மனச்சோர்வு வரும் என்பது, கால் பலமில்லாதவர்களுக்குத்தான் எலும்பு முறியும் என்பதற்கு ஒப்பான பேச்சு. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒருவரிடம் நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சமும் தவறு. அக்கறையோடு நேராகக் கேட்பது பலருக்கு வாய் திறக்க வழி செய்கிறது. இவற்றில் எதைச் சொல்வது என்பதை எதிரே இருப்பவரின் அச்சத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் பாடம் நடத்துவதாகத்தான் தோன்றும்.

புகழ்ச்சியும் ஒரு தவறான எண்ணமே

"இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு தனித்திறமை இருக்குமாமே" என்று அன்போடு சொல்பவர்களும் உண்டு. அமெரிக்கக் கால்பந்துக் கோல்காப்பாளர் டிம் ஹோவர்ட், 2014 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராகப் பந்துகளைத் தடுத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தவர்கள், அவருக்கு டூரெட் இருப்பது தெரிந்ததும் அப்படி நினைப்பது இயல்புதான். பாடகர்கள் பில்லி ஐலிஷும் லூயிஸ் கபால்டியும் தங்களுக்கு டூரெட் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். 2023-இல் கிளாஸ்டன்பரி விழா மேடையில் குரல் சிக்கலோடு டிக்குகளும் சேர்ந்து கபால்டியைப் பாட விடாமல் செய்தபோது, கூட்டம் முழுவதும் அவருக்காகப் பாடி முடித்தது. அதன்பின் அவர் நீண்ட ஓய்வு எடுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். இத்தகைய பெயர்கள் ஒரு குழந்தைக்கு நம்பிக்கை தரும். ஆனால் மரியாதைக்குத் தகுதிபெற மேதையாக இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பாக அது மாறக் கூடாது. சராசரி மதிப்பெண் வாங்கும் பையனுக்கும் நிம்மதியாக வகுப்பில் உட்காரும் உரிமை உண்டு.

காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் சந்தேகம்

பெருந்தொற்றுக் காலத்தில், 2020-க்குப் பிறகு, பல நாடுகளின் மருத்துவமனைகளுக்குப் பதின்ம வயதினர், பெரும்பாலும் பெண்கள், திடீரென்று தொடங்கிய சிக்கலான அசைவுகளோடும் நீளமான சொற்றொடர்களோடும் வந்தார்கள். சமூக ஊடகங்களில் பரவிய டிக் காணொளிகளோடு அவற்றுக்கு ஒற்றுமை இருந்தது. மருத்துவர்கள் இதை டிக்கை ஒத்த செயல்பாட்டு நிலை என்று பிரித்துப் பார்க்கிறார்கள்: டூரெட் சிறு வயதில் கண், முகம் என்று மெல்லத் தொடங்கும், இது பெரும்பாலும் பதின்ம வயதில் ஒரே நாளில், கடுமையாகத் தொடங்கும். இதற்குத் தேவைப்படும் சிகிச்சையும் வேறு.

இதை அறிந்துகொண்டு, "பார்த்தீர்களா, எல்லாம் காணொளி பார்த்து வந்த நடிப்பு" என்று சொல்பவர்கள் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். டூரெட் உள்ளவர்களை அதோடு சேர்த்துவிடுவது ஒன்று. செயல்பாட்டு நிலை உள்ளவர்களும் நடிப்பதில்லை என்பதை மறப்பது மற்றொன்று; அவர்களின் அசைவுகளும் அவர்களின் விருப்பத்தில் நடப்பவை அல்ல, பின்னணியில் பதற்றமும் மனச்சோர்வும் இருப்பது சாதாரணம். எது எது என்று பிரிப்பதை மருத்துவரிடம் விடுங்கள். உங்கள் பங்குக்கு, "நடிப்பு" என்ற சொல் எழும்போது அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

அந்த நிமிடத்தில் என்ன செய்வது

டிக் வரும்போது பேச்சை நிறுத்தாதீர்கள். நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததைத் தொடருங்கள், அவர் சொல்ல வந்ததை முடிக்கக் காத்திருங்கள். தண்ணீர் வேண்டுமா, சளி பிடித்திருக்கிறதா என்று விசாரிக்காதீர்கள். விளையாட்டுக்காக அந்த அசைவைத் திருப்பிச் செய்துகாட்டாதீர்கள். டிக்கே வேடிக்கையாக அமைந்து அவரே சிரித்தால் சேர்ந்து சிரிப்பதில் தவறில்லை. ஆனால் முதலில் சிரிக்கும் உரிமை அவருடையது. "இன்று குறைவாக இருக்கிறதே" என்று பாராட்டுவதும் வேண்டாம், நாளை கூடினால் அது அவருடைய தோல்விபோல ஆகிவிடும்.

பேருந்திலோ நூலகத்திலோ அந்நியர்கள் திரும்பிப் பார்க்கும்போது விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சொல்ல விரும்பினால், "டூரெட் இருக்கிறது, தானாக வருகிறது, ஒன்றும் பயப்பட வேண்டாம்" என்பது போதும். குழந்தை உடன் இருந்தால், என்ன சொல்ல வேண்டும், சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பதை வீட்டில் முன்கூட்டியே அதனிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். பெற்றோர் பெருமூச்சோடு ஊராரிடம் மன்னிப்புக் கேட்பதைக் கேட்டுக்கொண்டே நிற்பது, டிக்கைவிட அதிகம் வலிக்கும். வகுப்பு முழுவதற்கும் விளக்குவது நல்ல பலன் தரும், ஆனால் அதையும் குழந்தையின் சம்மதத்தோடு மட்டுமே செய்யுங்கள். சில குழந்தைகள் தாங்களே பேச விரும்புவார்கள், சிலர் தாங்கள் இல்லாத நேரத்தில் ஆசிரியர் பேசட்டும் என்பார்கள்.

மருத்துவரைப் பார்ப்பது பற்றி

டிக் உள்ள குழந்தைகள் பலர் முதலில் கண் மருத்துவரிடமும், ஒவ்வாமை மருத்துவரிடமும் அலைந்துவிட்டுத்தான் சரியான இடத்துக்கு வருகிறார்கள்; கண் சிமிட்டலும் கனைப்பும் அப்படித் தோன்றக்கூடியவைதான். குழந்தை மருத்துவரிடம் தொடங்கி, நரம்பியல் மருத்துவரையோ குழந்தைகள் மனநல மருத்துவரையோ பார்க்கலாம். மருத்துவரின் அறையில் டிக்குகள் காணாமல் போவது அடிக்கடி நடப்பதால், குழந்தைக்குத் தெரிவித்துவிட்டு, வீட்டில் ஓரிரு நிமிடங்கள் கைப்பேசியில் படம்பிடித்து எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, எவை வந்து எவை போயின, தூக்கமும் படிப்பும் எப்படி இருக்கின்றன, குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது என்பவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி வயதுக் குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் தற்காலிக டிக் வந்து போகக்கூடும் என்பதால், சில வாரக் கண் சிமிட்டலுக்காகப் பதற வேண்டியதில்லை.

எல்லா டிக்குக்கும் சிகிச்சை தேவையில்லை; வலி, காயம், படிப்பில் இடையூறு, ஒதுக்கப்படுதல் போன்றவை இருந்தால்தான் அந்தப் பேச்சே எழுகிறது. அப்போது முதலில் கருதப்படுவது நடத்தைச் சிகிச்சை. 1973-இல் அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் முன்வைத்த பழக்கம் மாற்றும் பயிற்சியிலிருந்து வளர்ந்த இந்த முறையில், உந்துதலை உணரவும், அது எழும்போது டிக்கோடு ஒத்துவராத வேறொரு அசைவைச் செய்யவும் பழக்குகிறார்கள். கழுத்து வெட்டுபவர் தாடையைச் சற்றே தாழ்த்திக் கழுத்துத் தசைகளை மென்மையாக இறுக்கிக்கொள்வார், கனைப்பவர் மூக்கின் வழியே மெதுவாக மூச்சு விடுவார். 126 குழந்தைகளையும் பதின்ம வயதினரையும் கொண்டு 2010-இல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்குத் தெளிவான முன்னேற்றம் இருந்தது. ஆதரவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே அது கிடைத்தது. குளோனிடின், குவான்ஃபசின், அரிப்பிப்ரசோல் போன்ற மருந்துகள் டிக்குகளைக் குறைக்கும், முற்றிலும் நீக்குவதில்லை. தூக்கக் கலக்கம், எடை கூடுதல் போன்ற பக்கவிளைவுகளை மருத்துவரோடு பேசிய பிறகே தொடங்க வேண்டும், மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் கூடாது. நடத்தைச் சிகிச்சை உதவுகிறது என்றதும், "அப்படியென்றால் மனசு வைத்தால் முடியும்தானே" என்று யாராவது திரும்பக் கேட்பார்கள். பயிற்சியால் ஒரு நிலையைச் சமாளிக்கக் கற்பது, அந்த நிலை வேண்டுமென்றே வந்தது என்பதற்குச் சான்றாகாது. கழுத்தைப் பலமாக வெட்டும் டிக்கோடு கை கால் மரத்துப்போவதோ பலவீனமோ தோன்றினால், எதற்கும் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

நோய் உறுதியானதும் பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள். இப்போதிருக்கும் டிக்குகள் எவை, எவற்றைக் கவனிக்காமல் விட வேண்டும், தேவைப்பட்டால் அனுமதி கேட்காமல் சில நிமிடங்கள் வெளியே போய்வரலாமா, தேர்வுக்குத் தனி அறையும் கூடுதல் நேரமும் வேண்டுமா என்பவற்றை அதில் குறிப்பிடுங்கள். உடன் வரும் பதற்றமோ கவனக்குறைவோ இருந்தால், அதை மறைக்காமல் அதே கடிதத்தில் அதே தொனியில் எழுதுங்கள். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் பிள்ளையோடு உட்கார்ந்து அதைப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். சென்ற ஆண்டுக் கடிதத்தில் இருக்கும் டிக்குகளில் பாதி அதற்குள் போயிருக்கும், அதில் இல்லாத ஒன்று வந்திருக்கும்.